அர்த்தமெல்லாம் யாரு பாக்கறா?

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பஸ் ஏறக் கூடாது என்பது என் கொள்கை. அன்று மழை வரும்போல இருந்ததால் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்திக் கிண்டியில் ஏறிவிட்டேன்.

பின்பக்கம் நாலு பையன்கள். ப்ளஸ் ஒன் இருக்கலாம். யூனிஃபார்ம் சட்டை வெளியே தொங்க, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பால் ஸ்விங் ஆச்சுடா' என்பதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை, பின்னால் ஒரு கெட்ட வார்த்தை. யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. நான் விளையாட்டாக எண்ண ஆரம்பித்தேன். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் இருபதைத் தொட்டுவிட்டது.

பக்கத்து சீட் பெரியவர் என் காதில், "ஸ்கூல் படிக்கிற பசங்க வாயில வர்ற வார்த்தையா சார் இது? எல்லாம் வளர்ப்பு" என்றார்.

அப்போது அந்த நால்வரில் அதிகம் பேசிக்கொண்டிருந்தவனின் போன் அடித்தது. "அம்மா... ஆங், பஸ்லதான் இருக்கேன்மா. சாப்ட்டேன்மா. சரிம்மா, பால் வாங்கிட்டு வரேன்." ஒரு நிமிடம் பேசினான். ஒரு எழுத்து பிசகவில்லை. குரல்கூட வேறு. போனைப் பாக்கெட்டில் போட்டான். அடுத்த நொடி, "த்தா, எங்கம்மாடா..." என்று பழைய இடத்துக்கு வந்துவிட்டான்.

எனக்குக் கெட்ட வார்த்தை அதிர்ச்சி தரவில்லை. அந்த ஸ்விட்ச்தான் ஆச்சரியம். இந்தப் பையனுக்கு எது கெட்ட வார்த்தை, எதை யார் முன்னால் சொல்லக் கூடாது என்பதெல்லாம் பெரியவரைவிடத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

தமிழ் இலக்கண வகுப்பில் தூங்காதவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்கிறோமே, அது. செத்தவரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ரகசியப் பேச்சு குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உரைகளில் உதாரணம் வரும்.

கெட்ட வார்த்தைகள் நியாயப்படி முதல் வகையில் அடக்கி வைக்கப்பட வேண்டியவை. இந்தப் பையன்கள் அவற்றைத் தூக்கி மூன்றாவது வகையில் போட்டுவிட்டார்கள். 'பறி' என்றால் பொன் என்பது வெளியாளுக்குப் புரியாது. இவர்களுடைய வார்த்தை பஸ்ஸில் எல்லாருக்கும் புரியும். ஆனால் அதை இன்னாரைப் பார்த்துச் சொல்ல இன்னாருக்குத்தான் உரிமை. எவனிடம் சொன்னால் அடி விழாதோ அவன் நண்பன். பதினாறு வயதில் 'நீ எனக்கு ரொம்ப முக்கியம்டா' என்று எந்தப் பையனும் சொல்லமாட்டான். அதற்குப் பதிலாக இதைச் சொல்கிறான்.

'நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா' என்று பெரியவர் அடுத்ததாகக் கேட்டார். உண்டு சார். சென்னையில் பேமானி, கஸ்மாலம் எல்லாம் இருந்தன. பேமானி உருதுவிலிருந்து வந்தது. நேர்மையில்லாதவன் என்று அர்த்தம். கஸ்மாலம் சம்ஸ்கிருதம், அழுக்கு. அந்தக் காலத்தில் குழந்தைகள் காதில் விழக் கூடாது என்று நினைத்த வார்த்தைகள், சோவும் தேங்காய் சீனிவாசனும் லூஸ் மோகனும் பேசிப் பேசி இன்று காமெடியாகிவிட்டன. இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 'மயிர்' என்ற சொல்லைத் திருவள்ளுவர் கூச்சமில்லாமல் குறளில் வைத்திருக்கிறார். இன்று வகுப்பில் அந்தக் குறளை வாசிக்கும்போது கடைசி பெஞ்ச் சிரிக்கிறது. வார்த்தைக்கு ஜாதகம் நிரந்தரம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. அதே பையன் 'ஷிட்' என்றால் எந்த அம்மாவும் அடிப்பதில்லை. தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லட்டும், நடப்பதே வேறு. ஐ.டி. கம்பெனி மீட்டிங்கில் இங்கிலீஷ் எஃப் வார்த்தையைத் தாராளமாகப் புழங்குபவர் 'வெளிப்படையானவர்'. ஷேர் ஆட்டோ டிரைவர் அதையே தமிழில் சொன்னால் 'லோக்கல்'. நாம் முகம் சுளிப்பது பல நேரம் வார்த்தையைப் பார்த்து இல்லை, சொல்கிறவனின் சட்டையைப் பார்த்து.

கெட்ட வார்த்தையால் பயன் உண்டா என்று ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒரு முறை கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. இன்னொரு முறை மேஜையை வர்ணிக்கும் சாதாரண வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு. திட்டியபோது சராசரியாகச் சுமார் 40 விநாடி அதிகம் தாக்குப்பிடித்தார்கள். 2009-ல் வெளியான இந்த ஆய்வுக்கு அடுத்த வருஷம் இக் நோபல் கொடுத்தார்கள். சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. எந்தப் பிரிவில் என்று நினைக்கிறீர்கள்? சமாதானம்!

2011-ல் ஸ்டீஃபன்ஸ் இதைத் தொடர்ந்து இன்னொரு ஆய்வு செய்தார். தினசரி வாழ்க்கையில் எவ்வளவுக்கெவ்வளவு அதிகம் கெட்ட வார்த்தை பேசுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு அந்த வலி நிவாரணப் பலன் குறைகிறதாம். மாத்திரையைத் தினம் நாலு வேளை மிட்டாய் மாதிரி தின்றால் தலைவலி வரும்போது வேலை செய்யாது. கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருபது செலவழிக்கிற பையனுக்கு நாளைக்கு நிஜமாகவே சுண்டுவிரலைக் கதவு நசுக்கினால் என்ன சொல்லிக் கத்துவான்? கையிருப்பு காலி.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாச வார்த்தை பேசினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294(பி). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அடிதடிப் புகார் என்றால் எஃப்.ஐ.ஆரில் 'ஆபாச வார்த்தைகளால் திட்டி' என்று சர்வசாதாரணமாக ஒரு வரி இருக்கும். எழுத்துக்கு எழுத்து அமல்படுத்தினால் சாயந்திர பஸ்களை நேராகப் புழலுக்கு ஓட்டவேண்டியதுதான்.

இளைஞர்களின் கெட்ட வார்த்தை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 'காலேஜ் ரொமான்ஸ்' என்று ஒரு இந்தி வெப் சீரிஸ். கல்லூரிப் பையன்களும் பெண்களும் வாயைத் திறந்தால் வசவு. 2023 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட் நீதிபதி, தன் அறையில் இதைப் பார்க்க இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று தீர்ப்பிலேயே எழுதி, வழக்குப் பதியச் சொன்னார். 2024 மார்ச் 19 அன்று சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கை ரத்து செய்தது. கொச்சையாகப் பேசுவது வேறு, சட்டம் சொல்லும் ஆபாசம் வேறு என்றார்கள் நீதிபதிகள். அந்த வார்த்தைகளின் நேரடி அர்த்தம் பாலியல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்; ஆனால் பேசுகிறவர்கள் கோபத்தையும் எரிச்சலையும் காட்டத்தான் சொல்கிறார்கள் என்பது வாதம்.

சரியான தீர்ப்பு என்பது என் கட்சி. வாய்க்காக ஒருவரை ஜெயிலில் போடக் கூடாது. ஆனால் குற்றம் இல்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடுமா?

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு ப்ளஸ் ஒன் பையன் இருக்கிறான். நல்ல பையன். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் என் மளிகைப் பையை வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவான். அவனிடம் இதைக் கேட்டேன். முதலில் 'நான் அப்படில்லாம் பேசமாட்டேன் அங்கிள்' என்றான். மாடிப்படியில் எனக்குக் காது கேட்கும் என்று சொன்னதும் சிரித்துவிட்டான்.

"ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சும்மா ஃப்ளோல வரும் அங்கிள். அதுக்கு அர்த்தமெல்லாம் யாரு பாக்கறா?"

"சரி, அர்த்தம் தெரியுமா?"

யோசித்தான். பஸ் பையன் சொன்ன அதே 'த்தா'வைப் பற்றிக் கேட்டேன். சென்னைத் தெருக்களில் உருண்டு உருண்டு முன்பாதி தேய்ந்துபோய், கடைசி எழுத்துகள் மட்டும் மிஞ்சிய வார்த்தை அது. "அதுக்குள்ள இருக்கிறது ஆத்தாடா. அம்மா" என்றேன். "அட, ஆமால்ல" என்றான். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் அன்றுதான் அதைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"ஆனா அங்கிள், யாருமே அவங்க அம்மாவ நெனச்சு சொல்றதில்ல. அர்த்தம் செத்துப் போச்சு."

"உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்வியா?"

"எல்லார்கிட்டயும்தான்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒருத்தன்ட்ட மட்டும் சொல்லமாட்டோம். அவனுக்கு அம்மா இல்ல. கொரோனால போய்ட்டாங்க."

"யார் சொல்லக் கூடாதுன்னு சொன்னது?"

"யாரும் சொல்லல. நாங்களே..."

அவ்வளவுதான் விஷயம். அர்த்தம் செத்துவிட்டது என்றால் அவனிடம் மட்டும் ஏன் நாக்கு நிற்கிறது? அது சாகவில்லை, தூங்குகிறது. யாரிடம் சொன்னால் விழித்துக்கொள்ளும் என்று இந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. பஸ் பெரியவர் சொன்ன 'வளர்ப்பு' சரியாகத்தான் இருக்கிறது. ஒருவனுக்காக வாயை அடக்கத் தெரிந்தவர்கள் வளர்ந்த பிள்ளைகள்தான்.

ஆனால் ஒருவனுக்காக மட்டும்தான் அடக்குகிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் யார் யார் இருக்க வேண்டும்?

தமிழில் புழங்கும் வசவுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். (எழுதிவிட்டுக் கிழித்துவிடுங்கள்; வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.) முக்கால்வாசி பெண்ணைப் பற்றி. அவள் உடம்பு, அவள் நடத்தை, அம்மா, அக்கா. திட்டு வாங்குகிறவன் ஆண். அடி விழுவது அங்கே இல்லாத ஒரு பெண்ணுக்கு. அடுத்தது சாதி. அதற்கடுத்தது நொண்டி, குருடு, செவிடு. திட்டப்படுகிறவன் செய்த தப்பைச் சொல்லும் வார்த்தைகள் மிகக் குறைவு. அந்த வகையில் பழைய பேமானி எவ்வளவோ யோக்கியமான வசவு. நேர்மையில்லாதவனை நேர்மையில்லாதவன் என்கிறது. அவன் வீட்டுப் பெண்களை இழுக்கவில்லை.

2017 நவம்பரில் பாலாவின் 'நாச்சியார்' டீசர் வந்தது. போலீஸ் அதிகாரியாக ஜோதிகா 'தே...' என்று ஆரம்பிக்கும் வசவைச் சொன்னார். ஒரு பெண், அதுவும் ஜோதிகா, இப்படிப் பேசலாமா என்று பெரிய சர்ச்சை. 2023 அக்டோபரில் 'லியோ' டிரெய்லரில் விஜய் வாயில் அந்த வசவு வந்தது. இத்தனை சின்னப் பிள்ளைகள் ரசிகர்களாக இருக்கும் நடிகர் பேசலாமா என்று சர்ச்சை. பிறகு சத்தத்தை அடக்கினார்கள். இரண்டு தடவையும் யார் சொல்லலாம், யார் சொல்லக் கூடாது என்பதுதான் பேச்சாக இருந்தது. அந்த வார்த்தை யாரைச் சொல்கிறது என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. வறுமையாலோ வஞ்சகத்தாலோ உடம்பை விற்க நேர்ந்த ஒரு பெண்ணையும் அவள் பெற்ற பிள்ளையையும் சொல்கிறது. அவளைத் தேடிப் போனவனைத் திட்ட அத்தனை வீரியமான வார்த்தை ஒன்றும் நம்மிடம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பெரியவர்கள் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். 'சண்டாளா' என்று பேரனைத் திட்டாத பாட்டி உண்டா? அதைக் கெட்ட வார்த்தை என்றே நாம் நினைத்ததில்லை. சினிமாப் பாட்டில் கொஞ்சலாகக்கூட வரும். அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை வசவாகவோ கேலியாகவோ பொதுவெளியில் பயன்படுத்தக் கூடாது, மீறினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று 2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. 'அர்த்தமெல்லாம் யாரு பாக்கறா' என்று பையன் சொல்வதற்கு முன்னாலேயே நாம் சொல்லிவிட்டோம். அவன் நம்மிடமிருந்துதான் கற்றிருக்கிறான்.

இப்போது இதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. குழூஉக்குறி என்றால் குழு வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிய வேண்டும். பஸ்ஸில் தெரியும், அம்மா போனில் வந்தால் ஸ்விட்ச் வேலை செய்யும். ராத்திரி பதினோரு மணிக்கு மொபைல் கேமில் மைக்கை ஆன் செய்தால்? எதிர்ப்பக்கம் யார் என்று தெரியாது. எந்த ஊர், என்ன வயது, அம்மா இருக்கிறாளா என்று எதுவும் தெரியாது. நண்பனிடம் கொஞ்சலாகச் சொல்லிப் பழகிய அதே வார்த்தை, முகம் தெரியாத ஒருவரிடம் முழு அர்த்தத்தோடு போய் விழுகிறது. எதிர்க்குரல் பெண் குரலாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

2021 ஜூனில் 'பப்ஜி' மதன் கைதானது ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டை நேரலையில் காட்டியபடி பெண்களை ஆபாசமாகப் பேசியதாகப் புகார். அவரை லட்சக்கணக்கில் பின்தொடர்ந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏராளம். நம் பிள்ளைகள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பல வீடுகளில் அன்றுதான் தெரிந்தது.

மாடிப்படிப் பையனிடம் இதையும் கேட்டேன். "உங்க டீம்ல பொண்ணுங்க வருவாங்களா?"

"வருவாங்க அங்கிள். மைக் ஆன் பண்ணமாட்டாங்க."

"ஏன்?"

பதில் சொல்லவில்லை. தெரியாததால் இல்லை.

சில பெண் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களும் அதே வார்த்தைகளைத் திருப்பிப் பேசுகிறார்கள். கல்லூரி வாசல்களில் இப்போது சகஜமாகக் காதில் விழுகிறது. பையன் பேசினால் 'வயசுக் கோளாறு', பெண் பேசினால் 'குடும்பம் சரியில்லை' என்கிற நம் தராசுக்கு அவர்கள் கொடுக்கும் பதில் என்ற அளவில் எனக்கு அவர்கள் மேல் அனுதாபம்தான். ஆனால் அந்தப் பெண் வாயிலிருந்து வரும்போதும் அதே வார்த்தை இன்னொரு பெண்ணைத்தான் அடிக்கிறது. கத்தி கை மாறியிருக்கிறது, குத்து அதே இடத்தில்.

அதற்காக வாயில் மிளகாய்ப் பொடி, பிரம்பு, பெற்றோரைக் கூட்டிவா என்று கிளம்ப வேண்டாம். தடை செய்யத் தடை செய்யத்தான் அந்த வார்த்தைகளுக்கு ருசி. கண்டுகொள்ளாமல் விடுவதும் தீர்வு இல்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வைத்தியம்தான் இருக்கிறது. அர்த்தத்தைச் சொல்லிவிடுவது. உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல், 'நீ சொன்னது இதை, இது இன்னாரைப் பற்றியது' என்று. சொல்லும்போது நமக்குத்தான் கூசும். கூசட்டும். பிள்ளைக்கும் கூசும். அந்தக் கூச்சம் கொஞ்ச நாள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் பேசுவதும் பேசாததும் அவன் பாடு. குறைந்தபட்சம் தெரிந்து பேசுவான்.

"அப்ப என்னதான் சொல்லித் திட்றது அங்கிள்?" என்று பையன் நியாயமாகக் கேட்டான். மனுஷனுக்குத் திட்டாமல் இருக்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். பேமானியைச் சிபாரிசு செய்தேன். பொருள் விளக்கம், பிறந்த மொழி எல்லாம் சொன்னேன்.

"செம மொக்கையா இருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் தடதடவென்று ஓடும் சத்தம். "டேய் பேமானி, பேட்ட குடுடா!" என்று ஒரு குரல். கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதற்குள், அதே குரலில் பின்னாலேயே பழைய 'த்தா'வும் வந்தது.

பாதிக்குப் பாதி. முதல் வாரத்துக்கு மோசமில்லை.